செய்கூலி, சேதாரம்

ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்தாள் தவமணி,
வலக்கையை இடக்கையால் ஏந்தியபடி,
தளும்பும் டம்ளரைக் கொண்டுவருகிறவள்போல.

மூன்று நாளாகத் தூக்கமில்லையாம்.
மோதிர விரல் மட்டும்
தனியாக ஓர் இதயம் வைத்துக்கொண்டு துடிக்கிறதாம்.

'புதுசுல அப்படித்தான், ரெண்டு நாள்ல சரியாயிரும்.'
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
ஐந்து ரோட்டில், செல்போன் கடை மாடியில்,
எட்டுக்குப் பத்து அறைக்கு
வாடகை கட்டித் தரும் வாக்கியம் அது.

அவள் விரலை விளக்கடியில் வைத்தாள்.
சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வேலை.
எதையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவள்.
"ரொம்ப ராவிட்டீங்கக்கா" என்றாள்.

அன்று முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள்.
ஏற்காட்டிலிருந்து வர வேண்டிய கல்யாணப் பெண்
கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து
ஒரு மணி நேரம் தாமதம்.
அந்த ஒரு மணி நேரத்தை
மற்றவர்களின் விரல்களில் பிடித்தேன்.
டிரில் வேகத்தைக் கூட்டினேன்.
ஒரே இடத்தில் இரண்டு நொடி கூடுதலாக நின்றது.
சுட்டிருக்கும்.
தவமணி கையை இழுத்தாள்.
"ஆடாதீங்க" என்று
இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் நீளம்.
குட்டையாகத்தான் கேட்டாள் முதலில்.
மாப்பிள்ளையின் தங்கை அனுப்பிய படத்தைக் காட்டி
நான்தான் முக்கால் அங்குலம் ஒட்டினேன்.
கொலுசுக்கு முத்துக் கோக்கிற கைக்கு.
வண்டிச் சாவி, பேருந்துக் கம்பி, பீரோக் கதவு:
நுனியில் இடிப்பது அங்கே நிற்பதில்லை.
கடப்பாரையின் வேலையைச் செய்கிறது,
அடியில் இருக்கிற சதையை நெம்புகிறது.
ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டது.
பூந்திக்கொட்டைத் தண்ணீர் அந்த இடுக்கில் குடியேறியது.

"பல்லால கடிச்சு இழுத்தேன், வரலை."
"வராது. வந்தா உங்க நகமும்
ஒரு படலம் கூடவே உரிஞ்சு வரும்."

பஞ்சை அசிட்டோனில் நனைத்து, விரல் மேல் வைத்து,
அலுமினியத் தாளில் பொதிந்தேன்.
இருபது நிமிடம். அவசரப்பட முடியாத ஒரே வேலை.

அவள் பட்டறையைப் பற்றிச் சொன்னாள்.
அராவும்போது மடியில் துணி விரிக்க வேண்டும்.
கூட்டிய குப்பையையும் எரித்துச் சலிப்பார்கள்.
சாயந்திரம் தூள் தராசுக்குப் போகும்,
ஒரு கிராம் குறைந்தால் கூலியில் கழியும்.
சொல்லிக்கொண்டே
என் மேசையில் கிடந்த வெள்ளைத் தூளைப் பார்த்தாள்.
அதை நான் தினமும் ஈரத் துணியால் துடைத்துவிடுகிறேன்.
யாரும் எடை கேட்டதில்லை.

"நீங்க ஏன் நகமே வெக்கலை?"
கையுறையைக் கழற்றிக் காட்டினேன்.
வெடித்த விரல் நுனிகள்.
முதல் இரண்டு வருடம் வெறுங்கை.
அந்தத் திரவம் தோலில் பட்டால்
அன்றைக்கு ஒன்றும் ஆகாது.
பிறகு ஒரு நாள் மொத்தமாகக் கணக்கைத் தீர்க்கும்.
இப்போது மூடியைத் திறந்தாலே அரிக்கிறது.
உங்கள் தோலில் பட விடாதீர்கள்,
பட்டால் அப்போதே துடைக்கச் சொல்லுங்கள் என்றேன்,
துடைக்க வேண்டியவளே.

தாளைப் பிரித்தேன்.
கூழாகியிருந்ததைக் குச்சியால் மெல்ல ஒதுக்க
வெங்காயச் சருகுபோல் அவளுடைய சொந்த நகம்,
நடுவில் சிவந்த பள்ளம்.
சீழ் இல்லை.
"பச்சை நிறம் வந்தாலோ, வீங்கினாலோ
எங்கிட்ட வராதீங்க, டாக்டர்கிட்ட போங்க.
மாசக்கணக்கா ஆகும் இது வளர.
அதுவரை எதையும் ஒட்டாதீங்க, எண்ணெய் மட்டும்."
"ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம்க்கா."
"மருதாணி வெச்சுக்குங்க."

அவள் பர்ஸைத் திறந்தாள். வேண்டாம் என்றேன்.
"செய்கூலி அன்னிக்கே குடுத்துட்டேன்," என்று
பாதிச் சிரிப்போடு கேட்டாள்,
"இந்தச் சேதாரம் யார் கணக்கு?"
நான் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்,
இறுகிய பின்னும்.

மறுநாள் காலை முதல் கை
லேசாகப் பின்னுக்கு இழுத்தது.
டிரில்லை நிறுத்தினேன்.
வாசலில் மூன்று பேர்
செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.